நீச்சல் உடுப்பில் தைத்த சட்டை

அக்கா வேலை செய்தது திருகோணமலை நகரத்தில் ஒரு புடவைக்கடையில். கடை முதலாளி முஸ்லிம் மனிதர். எங்கள் அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அப்பா மாரடைப்பில் போன பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மூத்த புள்ளய கடைக்கு அனுப்புங்க. என்ட புள்ளயப் போல பாத்துக்கிறன்" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு அனுப்பினாள். நான் லிங்கநகர் வீட்டில் அம்மாவோடு இருந்து, அப்பா வாங்கித் தந்த தையல் மெஷினில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்தேன். அப்படித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அக்கா போய்ச் சேர்ந்த காலத்தில் கடையின் ஒரு பக்கம் முழுக்கப் பருத்திதான் இருந்ததாம். வோயில் சாரி, கைத்தறிச் சாரி, சீத்தைத் துணி, சாரம். மற்றப் பக்கத்தில்தான் நைலெக்ஸ் என்கிற நைலோன் சாரியும் ஜோர்ஜெட்டும். பிறகு நாட்டில் சண்டை வந்தது. வருஷத்துக்கு வருஷம் அந்த மற்றப் பக்கம் வளர்ந்து வளர்ந்து, பருத்தி கடைசியில் பின்னாலுள்ள ஒற்றை அலுமாரிக்குள் ஒதுங்கிவிட்டது. கொழும்பிலிருந்து சாமான் வருகிற பாதை நினைத்த நேரம் மூடும், நினைத்த நேரம் திறக்கும். திறக்கிற நாளில் லொறியில் வருவது முழுக்கப் பொலியெஸ்டரும் நைலோனும்தான். சனமும் அதைத்தான் கேட்டது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சனத்துக்கு மினுக்கத்தில் ஆசை என்று சொல்லுவார்கள். அது மட்டுமில்லை. கரண்ட் இல்லாத ஊரில் பருத்திச் சாரியை யார் ஸ்திரிக்கை போடுவது? சவர்க்காரம் கிடைக்காத மாதங்கள் இருந்தன. எந்த நேரம் ஓட வேண்டிவருமோ என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை கட்டி வைத்திருந்தோம். கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ போய் நூறு பேரோடு இருக்கும்போது, கிணற்றடியில் அலசி, மதிலில் போட்டு, காய்ந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்ள நைலெக்ஸ்தான் கைகொடுத்தது. கசங்காது, சாயம் போகாது, கிழியாது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோதுமை மா வந்த பைகூடப் பருத்தி. அம்மா அதை அவித்து வெளுக்கப் போட்டு எங்களுக்கு உள்சட்டை தைப்பாள். அதுவும் பிளாஸ்டிக் பையாக மாறிவிட்டிருந்தது.

அக்காவுக்கு இந்தப் புதுத் துணிகளில் பெரிய விருப்பம். கடையில் ஒரு சாரியை விரித்துக் காட்டும்போது அதன் குணத்தையெல்லாம் பாடம்போலச் சொல்லுவாளாம். வீட்டுக்கும் கொண்டுவருவாள். ஒருநாள் கடும் நீலத்தில் வெள்ளிக் கோடு போட்ட நைலோன் துணி வாங்கி வந்து, கழுத்தில் சுருக்கு வைத்து ஒரு ஹவுஸ்கோட் தைத்துத் தரச் சொன்னாள். தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்து காட்டினாள். அம்மாவே சிரித்துவிட்டாள்.

பிறகொருநாள் பொழுதுபடுகிற நேரம். கரண்ட் இல்லை. காட்டுக்குப் போக ஏலாததால் விறகு இல்லாமல், மண்ணெண்ணெய் அடுப்பில்தான் சமையல். அக்கா வேலையால் வந்து குளித்து, அந்த ஹவுஸ்கோட்டைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். அடுப்புக்கு மேலே சுவரோரமாக ஒரு தட்டு. சீனிப் போத்தல் அதில். அதை எடுக்கக் கையை நீட்டியிருக்கிறாள். தொளதொளவென்ற ஹவுஸ்கோட் கை அடுப்பில் பட்டுவிட்டது.

நான் முன்னறையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். "எடியே!" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஓடிப் போனேன். பருத்தி எரிந்தால் நெருப்பு மேலே எழும்பும், துணி சாம்பலாகி விழும். இது அப்படியில்லை. துணி உருகி ஒழுகியது. ஒழுகினது அவளுடைய தோலில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. கிணற்றுத் தண்ணீர் வாளி குசினி வாசலில் இருந்தது. அப்படியே தூக்கி ஊற்றினேன். அம்மா கட்டிலிலிருந்த பருத்திப் படுக்கை விரிப்பை இழுத்து வந்து மற்ற வாளியில் தோய்த்து அவளைச் சுற்றினாள். அக்கா கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "இழுக்காதை, இழுக்காதை, துணியோட தோலும் வருது" என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பழைய வான் இருந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தார். ஊரடங்கு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். வழியில் ஒரு சோதனைச்சாவடி. அங்கே நின்ற ஆமிக்காரர் வானுக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தார். அக்கா என் மடியில் கிடந்தாள். திரும்பி ஓடிப்போய், பாதையை மறித்த தடிமரத்தைத் தானே தூக்கினார். அடுத்த சாவடிக்குக் கேட்கும்படி சிங்களத்தில் ஏதோ உரத்துச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல்வரை எங்களை யாரும் மறிக்கவில்லை. அவருடைய முகம் எனக்கு ஞாபகமில்லை. தடிமரம் மேலே போனது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கழுத்தின் இடது பக்கம், தோள், கையிடுக்கு, முழங்கைக்குக் கீழேவரை. முகம் தப்பிவிட்டது. முதல் சில நாட்கள் தாதிமார் உருகிப்போன நைலோன் துண்டுகளைச் சின்னச் சின்னதாக எடுத்தார்கள். கறுப்பாக, கண்ணாடிபோல இறுகி இருந்தன. காயத்துக்கு மருந்து கட்டுகிற நேரம் அம்மாவால் உள்ளே நிற்க முடியாது. வெளி வாங்கில் போய் இருந்துவிடுவாள். நான் நின்றேன். அக்கா என் விரல்களைப் பிடித்து நெரிப்பாள். நெரித்து முடிந்த பிறகு, "உன்ரை தையல் கை, முறிச்சுப்போடுவன் போல இருக்கு, மற்றக் கையைத் தா" என்பாள்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். காயம் ஆறியது. வீட்டுக்கும் அனுப்பினார்கள். இனிச் சுகம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் ஆறின தோல் அதற்குப் பிறகுதான் வளரத் தொடங்கியது. சிவந்து, தடித்து, கயிறு கயிறாக எழும்பியது. கையிடுக்கில் ஒரு தோல் திரைபோல இறுகி, அவளால் இடது கையை மார்புக்கு மேலே தூக்க ஏலாமல் போனது. கடி வேறு. இரவும் பகலும் சொறியவேண்டும்போல இருக்கும், சொறியவும் கூடாது. எந்தத் துணி பட்டாலும் எரிந்தது. அம்மா தன்னுடைய பழைய வோயில் சாரிகளைக் கிழித்துக் கொடுத்தாள். அவை முடிந்ததும் முதலாளி பின் அலுமாரியிலிருந்த கடைசிப் பருத்தித் துணிகளைக் கட்டி அனுப்பினார். கூட ஒரு சொல்லும் அனுப்பியிருந்தார்: "கடையில அவட இடத்தில ஆரையும் வைக்கல்ல."

அக்கா கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். நைலோன் சாரிகளை எல்லாம் கட்டி எங்கேயாவது கொடுத்துவிடச் சொன்னாள். அலுமாரியைத் திறந்தால் அந்த வாசமே குமட்டுகிறது என்றாள். அம்மா கொடுக்கவில்லை, தன் ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற ஒரு மிஸ் இருந்தா. எங்களைவிடப் பெரிய வயதில்லை; தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவ. தமிழ் ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தேடிக் கதைப்பா. கிழமைக்கு ஒரு தரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவேன். கையை மெல்ல மெல்ல நீட்டி மடக்கப் பழக்குவா. அக்கா அழுவாள். அந்த மிஸ்ஸுக்கும் கண் கலங்கும். ஆனால் கையை விடமாட்டா.

ஒருநாள் அவ மேசை லாச்சியைத் திறந்து தோல் நிறத்தில் ஒரு உடுப்பை எடுத்து வைத்தா. ஒற்றைக் கையும் பாதி மார்பும் மட்டும் உள்ள, இறுக்கமான ஒரு சட்டை.

"இது தழும்பை அமத்தும். ராப்பகல் போடவேணும். ஒரு வருசம், சில ஆக்களுக்கு அதுக்கு மேலயும். தழும்பு மிருதுவாகும், கை எழும்பும்."

"இதைத் தருவீங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"இது வேற ஆளின்ர அளவு. ஒவ்வொரு ஆளுக்கும் அளவெடுத்துத்தான் செய்யவேணும். கொழும்பில அளவு குடுத்து, அது வெளிநாட்டுக்குப் போய் வரவேணும். இப்ப பாதை இருக்கிற நிலையில..." என்று கையை விரித்தா.

நான் அந்தச் சட்டையைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தேன். நீளத்துக்கும் இழுபட்டது, அகலத்துக்கும் இழுபட்டது. விட்டதும் பழையபடி ஒடுங்கியது. "இது என்ன துணி மிஸ்?"

"நைலோனும் றப்பர் மாதிரி ஒரு நூலும் சேர்த்துப் பின்னினது."

அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "நைலோனோ? என்னை எரிச்சதே அதுதான். திரும்ப என்ரை தோலிலை ஒட்டவோ? ஏலாது. நான் வரேல்லை." வாசல்வரை போய்விட்டாள்.

மிஸ் அவளைக் கூப்பிடவில்லை. அந்தச் சட்டையை மட்டும் என் பைக்குள் வைத்து, "பாத்துட்டுத் திருப்பிக் கொண்டாங்க" என்றா.

அன்றைக்கே நான் முதலாளியின் கடைக்குப் போனேன். சட்டையை மேசையில் வைத்து, இப்படி இழுபடுகிற துணி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இழுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அவருக்குத் துணியை முகராமல் ஒரு முடிவுக்கும் வரத் தெரியாது. "இப்பிடிச் சாமான் நம்மட ஊருக்கு வாறல்லியே புள்ள" என்றார். நான் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"புள்ள, நில்லுங்க! ஒரு சாமான் இரிக்கி. ஆனா... எப்பிடிக் காட்டுறதெண்டுதான் வெட்கமா இரிக்கி."

சண்டைக்கு முதல் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களுக்கு வெள்ளைக்காரர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முதலாளி அந்த யாவாரத்தை நம்பி நீச்சல் உடுப்புகளைப் பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தார். பிறகு ஹோட்டல்கள் வெறுமையாகின. பெட்டிகள் மேல்மாடியில் கிடந்தன. யார் கேட்டாலும், "திரும்ப வருவாங்க, ஆறு மாசத்தில எல்லாம் சரியாகிரும்" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களைக் கழித்த மனிதர் அவர்.

மேலே போய் ஒரு பெட்டியைத் தானே சுமந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்களே திறந்து பாருங்க" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திறந்தேன். கிளிப்பச்சை, செம்மஞ்சள், வரிக்குதிரைக் கோடு, உள்ளங்கை அளவு செம்பருத்திப் பூக்கள். இழுத்துப் பார்த்தேன். சிலது உக்கி, இழுவை செத்து, நொறுநொறுவென்று சத்தம் போட்டது. நடுவில் இருந்தவை நன்றாக இருந்தன. மிஸ்ஸின் சட்டையைப் போலவே நீளத்துக்கும் அகலத்துக்கும் இழுபட்டன. எனக்கு அந்த இடத்திலேயே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"சரியா வருமா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"வரும் போல இருக்கு முதலாளி."

"அப்ப பெட்டியோட கொண்டு போங்க. கடல் குளிக்கிறவங்க வந்தா நான் வேற எடுப்பன்."

அக்காவிடம் சொல்லவில்லை. மெஷினை அம்மாவின் படுக்கைப் பக்கம் வைத்துத் தைக்கத் தொடங்கினேன். தையல் எனக்குப் பிடிபட நாளெடுத்தது. வழக்கமான ஊசி அந்தத் துணியில் தையலைத் தவறவிட்டுத் தவறவிட்டு ஓடியது. கண்டி வீதியில் கப்பல்துறைப் பக்கமிருந்து பிளவுஸ் தைக்க வருகிற ஒரு பெண், கொஞ்சக் காலம் தெற்கே உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அவள் பார்த்துவிட்டு, "இதுக்கு முனை மழுங்கின ஊசி போடவேணும். நூலைக் குத்தாது, விலக்கிக்கொண்டு போகும்" என்று அடுத்த முறை வரும்போது ஒரு ஊசி கொண்டுவந்து தந்தாள். என் மெஷின் நேர்த்தையல் மட்டும் போடும். இழுத்தால் நூல் அறுந்துவிடும். அதனால் துணியை இழுத்துப் பிடித்தபடி தைத்து, அதன் மேலே கையால் வளைச்சல் தையலும் போட்டேன். மிஸ் அளவெடுக்கும் விதத்தைக் காட்டி, பயிற்சி நேரத்தில் எழுதி வைத்திருந்த அக்காவின் அளவுகளையும் தந்திருந்தா.

அக்கா கண்டுபிடித்துவிட்டாள். நான் கிணற்றடியில் நின்ற நேரம் உள்ளே வந்து, மெஷினில் கிடந்ததைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கிளிப்பச்சை நிறத்தில் ஒரு கை, செம்பருத்திப் பூப்போட்ட பாதி மார்பு, முதுகில் வரிக்குதிரை.

"இது என்னடி, கோமாளிக்குத் தைக்கிறியோ?"

"உனக்குத்தான்."

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தாள். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அம்மா பயந்துபோய்க் கரண்டியோடு ஓடி வந்தாள். அவளுக்கும் சட்டையைக் காட்டி, துணி வந்த கதையையும் சொன்னேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரிகள் இவ்வளவு சின்னத் துண்டையா உடுத்துக்கொண்டு கடலுக்கை இறங்கினவை?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்தோம்.

சிரிப்பு ஓய்ந்ததும் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பயமாயிருக்கு, தங்கச்சி. அது தோலிலை படுற நேரம் எனக்கு அந்த மணம் வரும்."

"போட்டுப் பார். ஏலாட்டி நானே வெட்டிக் கழட்டுறன். கத்திரிக்கோலைக் கையிலை வைச்சிருக்கிறன்."

அப்படியே கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மா தேங்காயெண்ணெய் தடவி, பிள்ளைக்குப் போடுவதுபோல மெதுவாக அந்தக் கையை ஏற்றினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூச்சு வேகமாக வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது அடங்கியது. "இறுக்கிப் பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். "ஆரோ கையைப் பிடிச்சிருக்கிற மாதிரி."

முதல் சட்டை பிழையாகிவிட்டது. மறுநாள் காலையில் அவளுடைய விரல்கள் வீங்கியிருந்தன. ஓடிப்போய் மிஸ்ஸிடம் காட்டினோம். மணிக்கட்டில் கூடுதலாக இறுக்கிவிட்டேன் என்றா. பிரித்துத் திரும்பத் தைத்தேன். அதற்குப் பிறகு மார்புப் பக்கம் தளர்ந்தது, அதையும் பிரித்தேன். சரியாக வந்தபோது மிஸ் தன் மற்ற வேலைகளை விட்டுவிட்டு, அக்காவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தச் செம்பருத்திப் பூவில் விரலை வைத்து, "வடிவு" என்றா. அவ வாயிலிருந்து தேடாமல் வந்த தமிழ்ச் சொல் அதுதான் என்று அக்கா பிறகு சொல்லுவாள்.

திருகோணமலை வெயிலில் ராப்பகலாக அதைப் போட்டிருப்பது லேசான காரியமில்லை. வேர்க்குரு போட்டது. சில நாள் "கழட்டி எறியப் போறன்" என்று கிணற்றடிவரை போவாள். அம்மா ஒரு பனையோலை விசிறியோடு அவள் பக்கத்தில் இருந்து விசிறுவாள். ஒன்றைத் தோய்த்துப் போட்டால் மற்றதைப் போட்டுக்கொள்ள, கையும் பூப்போட்டதாக இரண்டு மூன்று சட்டைகள் தைத்தேன். கொடியில் அவை காற்றில் ஆடும்போது தெருவால் போகிற பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.

மாதங்கள் போகப்போகத் தழும்பு பணிந்தது. கயிறுகள் தட்டையாகின. சிவப்பு மங்கியது. ஒரு பின்னேரம் நான் மெஷினில் இருந்தேன். அக்கா கட்டிலுக்கு மேலே நுளம்பு வலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வலது கையால் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, மற்ற மூலைக் கயிற்றை ஆணியில் மாட்டினாள். மாட்டின பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, ஆணி தலைக்கு மேலே, மாட்டினது இடது கை. கையை இறக்காமல் அப்படியே நின்றாள். "அம்மா!" என்று கூப்பிட்டாள். அம்மா வந்து பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்து இறக்கி, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அக்கா கடைக்குத் திரும்பினாள். நீளக் கைச் சட்டைக்குள் பூப்போட்ட கையை மறைத்துக்கொண்டு போனாள். கடையில் பருத்தி அலுமாரி வெறுமையாக இருந்தது. நைலோன் சாரிகளைத் தொட்டு விற்கத்தான் வேண்டும். தொட்டாள், விற்றாள். ஆனால் கட்டிக் கொடுக்கும்போது ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லுவாள்: "கோயிலுக்குக் கட்டுங்கோ, கலியாணத்துக்குக் கட்டுங்கோ. இதோட அடுப்படிக்குப் போகாதையுங்கோ." யாராவது ஏன் என்று கேட்டால் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுவாள்.

முதலாளி சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாராம்: "புள்ள, இப்பிடிச் சொன்னா யாவாரம் எப்பிடி நடக்கும்?"

"நடக்கும் முதலாளி. அடுப்படிக்குப் போடப் பருத்தியிலை ஏதும் வையுங்கோ. ரெண்டையும் வாங்குவினம்."

அடுத்த முறை பாதை திறந்தபோது அவர் கொழும்புக்குத் தானே போய், கொஞ்சம் தடித்த பருத்தித் துணி கொண்டுவந்தார். அதில் நான் முன்பக்கம் மூடுகிற அடுப்படிச் சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். நைலெக்ஸ் வாங்குகிற பெண்கள் அதையும் ஒன்று வாங்கிப் போனார்கள். எல்லோரும் இல்லை. வாங்கினவர்கள் வாங்கினார்கள்.

மிஸ் மற்ற நோயாளிகளை எங்களிடம் அனுப்பத் தொடங்கினது அந்த நாட்களில்தான். முதலில் எங்களைத்தான் அனுப்பினா, மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில் இருந்த ஒரு பெண்ணிடம். குப்பி லாம்பு சாய்ந்து, கட்டியிருந்த சாரி பற்றிக்கொண்டதாம். கழுத்தும் ஒரு கையும். ஆஸ்பத்திரியால் போன பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை என்று அவளுடைய புருஷன் வந்து சொல்லியிருக்கிறார். "நீங்க போவீங்களா?" என்று மிஸ் அக்காவைக் கேட்டா.

குடாவைக் கடக்கிற மூதூர் லோஞ்சில் போனோம். துறையில் நேவிச் சோதனை. என் பையைத் திறந்த நேவிக்காரர் ஒரு செம்மஞ்சள் நீச்சல் உடுப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். வரிசையில் நின்ற சனமெல்லாம் பார்த்தது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது. அவர் சிங்களத்தில் என்னவோ கேட்டார். அக்கா முன்னுக்கு வந்து, தெரிந்த நாலு சிங்களச் சொல்லையும் சேர்த்து, "நெருப்பு, மருந்து, சட்டை" என்று சொல்லி, சட்டைக் கையையும் உள்ளேயிருந்த பூத்துணியையும் சுருட்டிக் காட்டினாள். அவர் தழும்பைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். அந்த உடுப்பை மடித்து, மிகக் கவனமாக மடித்து, பைக்குள் வைத்தார்.

அந்தப் பெண்ணின் வீடு வயல்கரையில். நாங்கள் போனபோது அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு துவாய். என்னைவிட இளையவள். தவழுகிற ஒரு பிள்ளை அவளுடைய காலைப் பிடித்து எழும்பப் பார்த்தது. அக்கா பாயில் அவள் பக்கத்தில் போய் இருந்தாள். தன் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, இறுக்கின பூத்துணியை மெல்ல மேலே உருட்டி ஏற்றி, கையை அவளுடைய மடிக்குக் கிட்ட நீட்டினாள்.

"தொட்டுப் பார்" என்றாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் தொட்டாள். பிறகு உள்ளங்கையால்.

"மெத்தெண்டு இருக்கு" என்றாள்.

"போன வருசம் உன்ரை மாதிரித்தான் இருந்தது. மரக்கட்டை மாதிரி."

"நோகாதா?"

"நோகும். கடிக்கும். வேர்க்கும். அழுகையும் வரும். தங்கச்சி உனக்கும் தைச்சுத் தருவாள்." பையைக் கவிழ்த்து நீச்சல் உடுப்புகளைப் பாயில் கொட்டினாள். "நிறத்தை நீயே சொல்லு."

பிள்ளை தவழ்ந்து வந்து வரிக்குதிரைக் கோட்டைப் பிடித்து இழுத்தது. அந்தப் பெண் வெகுநேரம் ஒவ்வொன்றாகப் பார்த்து, மஞ்சளில் சின்ன வெள்ளைப் பூப்போட்ட ஒன்றை எடுத்தாள். அவளுடைய புருஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டென்று வெளியே போய், கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நிற்பதை நான் கண்டேன்.

நான் அளவெடுத்தேன். கழுத்தை அளக்கும்போது அவள் துவாயைத் தானே எடுத்து மடித்து வைத்தாள். திரும்பும்போது வாசல்வரை வந்து நின்றாள். வேலிப் படலையைத் தாண்டவில்லை. முதல் சட்டையை அவளுடைய புருஷன்தான் வந்து வாங்கிப் போனார். அடுத்ததற்கும் அவர்தான் வந்தார்.

மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமைக் காலை, படலையில் யாரோ கூப்பிடுகிற சத்தம். அக்கா வீட்டில்தான் நின்றாள். போய்ப் பார்த்தோம். அவள். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு பூசணிக்காய். சாரிக்கு மேலே கழுத்தில் அந்த மஞ்சள் துணி தெரிந்தது, துவாய் இல்லை. வெயிலில் நடந்து முகமெல்லாம் வேர்த்திருந்தது.

அக்கா தெருவை எட்டிப் பார்த்தாள். "ஆரோடை வந்தனீ?"

"தனியத்தான் வந்தனான், அக்கா. லோஞ்சில" என்றாள். பிள்ளையை அக்காவிடம் நீட்டினாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள்.